மகன் பூட்டிய கிதார்



முப்பதாண்டுகள் வானொலிப் பெட்டி பழுது பார்த்துப் பிழைத்தவன் நான். ரமலான் இரவுகளில் நாகூர் ஹனீபாவின் குரல் கரகரப்பின்றிக் கேட்க வேண்டுமென்றே பெட்டியைச் சுமந்துகொண்டு என் கடைக்கு வந்தவர்கள் பலர். கடையை மூடி ஆண்டுகள் பல ஆகிவிட்டன. ஆகவே, மின்சாரக் கிதார் ஒன்றைத் தன் கையாலேயே பூட்டப் போவதாக என் மகன் சொன்னபோது நான் மகிழ்ந்திருப்பேன் என்று நீங்கள் எண்ணக்கூடும். நான் மகிழவில்லை. "படித்த பிள்ளை செய்கிற வேலையா இது?" என்று கேட்டேன். இசைக்கருவி வீட்டில் கூடுமா, கூடாதா என்ற வாதமும் எழுந்தது. அதை இங்கே விரிக்க விரும்பவில்லை. அவன் மறுமொழி கூறவில்லை. அதன்பின் இரண்டு மாதங்கள் எங்களுக்குள் ஸலாமைத் தவிர வேறு பேச்சில்லை.

பொதிகள் ஒவ்வொன்றாக வந்தன. மர உடல், மேப்பிள் மரக் கழுத்து, தந்தியின் அதிர்வை மின்னதிர்வாக்கும் பிக்கப் இரண்டு. பார்க்காதவன்போல் பார்த்துக்கொண்டிருந்தேன். டெலிகாஸ்டர் என்னும் அமைப்பாம் அது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் 1950-இல் வேறு பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்து, 1951-இல் இப்பெயர் பெற்றது. கழுத்தைப் பசையிட்டு ஒட்டாமல் நான்கு திருகாணிகளால் முடுக்கியிருப்பார்கள். பழுதானால் கழற்றி மாற்றலாம். இவற்றையெல்லாம் அவன் தன் உம்மாவிடம் விளக்கிக்கொண்டிருந்தபோது இன்னொரு செய்தியும் என் காதில் விழுந்தது. ஃபெண்டருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது. வானொலிப் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தவராம். நல்லவேளை, அப்போது என் முகத்தை எவரும் பார்க்கவில்லை. கழற்ற முடியாத பொருளைச் செய்யாதே என்பது எங்கள் தொழிற்காரனின் புத்தியல்லவா!

ஓரிரவு இஷாவுக்குப் பின் அடுத்த அறையிலிருந்து அந்த இரைச்சல் கேட்டது. வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை துடிக்கும் ஓசை. தூக்கத்திலும் அதை நான் அறிவேன். பத்து நிமிடம் பொறுத்தேன். அவன் பிக்கப்பைக் கழற்ற முனைந்ததும் எழுந்து சென்றேன்.

"அந்த உலோகக் குமிழைத் தொடு" என்றேன். தொட்டான், இரைச்சல் தணிந்தது. "இப்போது தந்தியைத் தொடு." தணியவில்லை, கூடிற்று.

"தந்திகளுக்கு எர்த் இல்லை மகனே. பிக்கப்பின்மேல் பழி போடாதே."

நம் உடலே மின்னிரைச்சலை வாங்கும் ஏரியல். தந்திகள் எர்த்தோடு இணைந்திருந்தால், வாசிப்பவன் கை பட்டதும் அது வடிந்துவிடும். (ஆம்ப்ளிஃபயர் போடும் மூன்று முனைப் பிளக்கிலும் எர்த் சரியாக இருக்க வேண்டும், இல்லையேல் உயிருக்கே ஆபத்து.) திறந்து பார்த்தோம். தந்திகளைத் தாங்கும் தகட்டின் அடியிலிருந்து வால்யூம் கண்ட்ரோலின் முதுகுக்குச் செல்ல வேண்டிய ஒயர், பற்று விட்டுச் சுருண்டு கிடந்தது. கண்ட்ரோலின் உலோக முதுகு சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். அவனுடைய மெல்லிய சால்டரிங் அயனுக்கு அது போதிய அளவு சுடவில்லை. ஒட்டியதுபோல் காட்டி விட்டுப்போகும் இதைத்தான் டிரை சால்டர் என்போம்.

பரணிலிருந்து என் பழைய 60 வாட் அயனை இறக்கினேன். மூக்குக்கண்ணாடி அணிந்தும் அதன் முனை எனக்குத் தெளியவில்லை. அவன் கையில் கொடுத்தேன்.

"முதுகை உப்புத்தாளால் தேய். ஈயத்தை அயன்மேல் வைக்காதே, தகட்டின்மேல் வை. சூடேறினால் தானே உருகும்."

உருகிற்று. தந்தியில் கை வைத்தான், இரைச்சல் அடங்கியது.

"வாப்பா, இந்த அயனை நான் வைத்துக்கொள்ளட்டுமா?" என்றான்.

"மீட்டரும் பரணில்தான் இருக்கிறது" என்றேன்.