பின்கதவின் நாதாங்கி

திருவொற்றியூரில் குடியிருப்பவர்களுக்குத் துருவைப் பற்றி யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கிழக்கே கடல், எண்ணூர் சாலை நெடுகிலும் துறைமுகத்திற்குச் செல்லும் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதி. உப்பும் புழுதியும் சேர்ந்து ஜன்னல் கம்பியைத் தின்றன, மிதிவண்டிச் சங்கிலியைத் தின்றன. பிறகு எங்கள் காரின் இடப்பக்கப் பின்கதவுக்கு வந்தன. வெளியிலிருந்து இழுத்தால் கதவு திறந்தது. உள்ளிருந்து திறக்க மறுத்தது.

"அந்தப் பக்கமா இறங்கிக்குங்க சார்" என்றார் நாங்கள் முதலில் அணுகிய மெக்கானிக். பூட்டை முழுதாக மாற்றிவிடலாம் என்பது அவருடைய இரண்டாவது யோசனை. இரண்டுமே எங்களுக்கு ஒப்பவில்லை. 2022 ஜூன் மாதம் திருநெல்வேலி மாவட்டம் பணகுடி அருகே, நிறுத்தியிருந்த காருக்குள் ஏறி விளையாடிய மூன்று குழந்தைகள் வெளியேற முடியாமல் மாண்டுபோயினர். வெயிலில் நிற்கும் மூடிய காரினுள் ஏறும் வெப்பத்தின் பெரும்பகுதி முதல் அரைமணி நேரத்திலேயே ஏறிவிடுகிறது. எங்கள் வீட்டில் பின்னிருக்கை மகளுக்குரியது.

பழைய வீட்டுக் கதவின் உறுப்புகளுக்கு நம்மிடம் அழகான சொற்கள் உண்டு. கதவில் இருப்பது கொண்டி. அது சென்று மாட்டும் வளையம் நாதாங்கி. கார்க் கதவும் இந்த இரண்டால் ஆனதுதான். வண்டியின் உடலில் பதித்திருக்கும் தடித்த கம்பி வளையமே நாதாங்கி. பட்டறையில் அதை ஸ்ட்ரைக்கர் என்பார்கள். கதவு விளிம்பிலுள்ள கொக்கி சுழன்று அதைக் கவ்வுகிறது. கவ்விய கொக்கி திரும்பிவிடாமல் ஒரு பல் தடுத்து நிறுத்துகிறது. உள்கைப்பிடியும் வெளிக்கைப்பிடியும் தனித்தனிக் கம்பி அல்லது கேபிள் வழியே அந்தப் பல்லை விலக்குகின்றன. கன்டெய்னரின் பின்கதவில் பூட்டுக் கம்பிகள் வெளியிலேயே நிற்பதால், பொருந்தியிருக்கிறதா என்று ஓட்டுநர் ஒரு பார்வையில் கண்டுகொள்வார். காரிலோ எல்லாம் தகட்டுக்குள் மறைந்திருக்கின்றன; அறிகுறிகளைக் கொண்டுதான் ஊகிக்க வேண்டும்.

வெளியிலிருந்து திறந்து, உள்ளிருந்து திறக்காவிட்டால் முதலில் பார்க்க வேண்டியது சைல்டு லாக். கதவைத் திறந்தால் விளிம்பில், பூட்டை ஒட்டித் தெரியும் சிறு நெம்புகோல் அது; உள்கைப்பிடியின் வேலையை மட்டும் துண்டிக்கும். அது விலகியிருந்தும் திறக்கவில்லையென்றால் உள்கேபிளைச் சந்தேகிக்கலாம். உள்ளிருந்து மட்டும் திறந்தால் கோளாறு வெளிக்கைப்பிடியின் கம்பியிலோ அதன் பிளாஸ்டிக் கிளிப்பிலோ இருக்கும். இரண்டு வழியும் அடைபட்டால், பூட்டு விலகியிருப்பதை உறுதிசெய்துகொண்டு, ஒருவர் கதவை உள்நோக்கி அழுத்த இன்னொருவர் கைப்பிடியை இழுக்க வேண்டும். நாதாங்கியின் மீதுள்ள இறுக்கம் தளர்ந்தால் கொக்கி விடக்கூடும். சென்ட்ரல் லாக்குக்கு அந்த ஒரு கதவு மட்டும் செவிசாய்க்காவிட்டால், வண்டியின் உடலிலிருந்து கதவுக்குள் செல்லும் ரப்பர்க் குழாயினுள் ஒயர் அறுந்திருக்கலாம்; கதவு திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் மடிவது அந்த இடம்தானே.

எங்கள் சைல்டு லாக் விலகியே இருந்தது. எனவே வேறொரு பட்டறையில் உள்பலகையைக் கழற்றச் சொன்னோம். கதவின் அடிப்பகுதியில் மழைநீர் வடிவதற்கான துளைகள் சேறு காய்ந்து அடைபட்டிருந்தன. தேங்கிய ஈரத்தில் கேபிள் தன் உறைக்குள்ளேயே துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. பூட்டு நன்றாகவே இருந்தது! கேபிளை மாற்றி, துளைகளைக் குத்திவிட்டு, கொக்கிக்கு வெள்ளை லித்தியம் கிரீஸ் இட்டார்கள்.

கதவை மூடுமுன் அந்த இளைஞர் செய்த சோதனையைக் குறிப்பிட்டாக வேண்டும். திறந்த கதவின் கொக்கியை ஸ்குரூடிரைவரால் தள்ளிப் பூட்டச் செய்தார். பிறகு இரு கைப்பிடிகளையும் மாறிமாறி இழுத்து விடுவித்தார், பத்துமுறையாவது இருக்கும். மூடிய பின் சிக்கிக்கொண்டால் உள்பலகையைக் கழற்றுவதே பெரும்பாடாகிவிடும் என்றார். அன்று மாலையே மகளுக்கு முன்னிருக்கைக்குத் தாவி ஏறக் கற்றுக்கொடுத்தோம். முன்கதவுகளுக்குச் சைல்டு லாக் கிடையாது. ஹாரனையும் அழுத்திப் பார்க்கச் சொன்னோம். எங்கள் வண்டியில் சாவி இல்லாமலும் அது ஒலிக்கிறது.