வற்றும் குளமே யானைக்கு வாழ்வு

ஏரி நிரம்பி மறுகால் பாய்ந்தால் மகிழ்வதும், வற்றித் தரை தெரிந்தால் கலங்குவதும் தமிழ் மண்ணில் வளர்ந்தவர்களின் இயல்பு. அந்தக் கண்ணோடு ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் இலங்கையின் மின்னேரியா தேசியப் பூங்காவுக்குப் போகிறவர், அங்குள்ள காட்சியைத் தவறாகவே புரிந்துகொள்வார். சுற்றிலும் காய்ந்த காடு. நடுவே கரையை விட்டு வெகுதூரம் உள்வாங்கிய பெருங்குளம். நீர் விலகிய இடமெங்கும் இளம்புல். அதில் குட்டிகளோடு மேயும் யானைக் கூட்டங்கள். நல்ல ஆண்டில் 300 யானைகள் வரை இங்கே திரள்வதுண்டு. தாகம்தான் இவற்றை இங்கே துரத்தி வந்தது என்று பார்ப்பவருக்குத் தோன்றும். ஆனால் அவற்றை இழுத்து வருவது தண்ணீரைவிடப் புல்தான். மின்னேரியாவில் வறட்சி பஞ்சமல்ல, அதுவே விளைச்சல் காலம்.

இந்த விளைச்சலின் பின்னால் மனிதரின் கை இருக்கிறது. 3ஆம் நூற்றாண்டின் இறுதியில் மகாசேன மன்னன் கட்டிய குளம் இது. பிற்காலத்தில் பாழ்பட்டு, பிரித்தானியர் ஆட்சியில் திருத்தப்பட்டது. வடகீழ்ப் பருவமழை குளத்தை நிரப்பும். பிறகு வறண்ட பருவத்துச் சிறுபோக வயல்களுக்கு மதகு திறக்க, மட்டம் மெல்ல இறங்கும். மாதக்கணக்கில் நீருக்கடியில் கிடந்து வண்டல் ஏறிய தரை வெளிப்பட்டதும் புல் கிளம்பும். காடு காய்ந்து கிடக்கும் அந்த மாதங்களில் பாலூட்டும் தாய் யானைக்கு இதைவிட நல்ல தீவனம் கிடையாது. வளர்ந்த யானை ஒன்றுக்கு நாளொன்றுக்குச் சுமார் 150 கிலோ தீனி வேண்டும். 1997இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இந்த 8,890 ஹெக்டேரின் உயிர்நாடி, ஆண்டுதோறும் ஏறி இறங்கும் நீர்மட்டமே.

அதனால்தான் அம்பன் கங்கைக்குக் குறுக்கே 2018இல் செயற்படத் தொடங்கிய மொரகஹகந்த நீர்த்தேக்கம் யானைகளின் கதையிலும் நுழைகிறது. அங்கிருந்து வரும் நீரால் சில ஆண்டுகள் வறண்ட மாதங்களிலும் மின்னேரியாக் குளம் நிறைந்தே நின்றது. புல்வெளி மூழ்கியது, திரள் குறைந்தது, யானைகள் மெலிந்தன. உழவனின் தண்ணீரைப் பறித்து யானைக்குப் புல் வளர்ப்பதா என்று இங்கே கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் குளத்தை வற்றவைத்துப் புல்லுக்கு இடம்விட்டதே உழவனின் பாசனம்தான். இருவரின் தேவையும் ஒரே மதகு வழியாக நிறைவேறிவந்தது. வயலுக்குப் போகும் நீரை ஒரு துளியும் குறைக்க வேண்டியதில்லை. மேலே உள்ள நீர்த்தேக்கத்திலிருந்து எந்த மாதத்தில் எவ்வளவு நீரைக் குளத்தில் இறக்குவது என்பதில் யானையையும் கணக்கில் சேர்த்தால் போதும். சேர்க்காவிட்டால் அந்த இழப்பும் உழவன் தலையில்தான் விழும். புல் இழந்த யானை பட்டினி கிடக்காது, வயலுக்குள் இறங்கும். மனிதனுக்கும் யானைக்கும் இடையிலான மோதலில் அண்மை ஆண்டுகளில் ஆண்டுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட மனிதர்களையும் அவர்களைவிடப் பன்மடங்கு யானைகளையும் இழந்துவரும் நாடு இலங்கை.

குளமே செயற்கை, அதன் கரையில் கூடும் திரளை மட்டும் இயற்கை என்று ஏன் காக்க வேண்டும் என்பது இன்னொரு மறுப்பு. மனிதக் கை படாத காட்டை மட்டுமே காப்போம் என்றால், வயலும் ஊரும் குளமும் பின்னிக் கிடக்கும் இலங்கையின் வறண்ட வலயத்தில் காப்பதற்கு அதிகம் மிஞ்சாது. யானை காட்டின் தூய்மையைப் பார்த்து வருவதில்லை, தீனியைப் பார்த்து வருகிறது. நாம் உண்டாக்கிய மேய்ச்சல் நிலத்தை நம்பி ஒரு பேருயிர் தன் ஆண்டுச் சுற்றை அமைத்துக்கொண்ட பிறகு, அந்த நிலத்துக்கு நாமே பொறுப்பு. செயற்கை என்பது அந்தப் பொறுப்பைக் கூட்டுமே தவிரக் குறைக்காது. ஆகவே மின்னேரியாவுக்குப் போகிறவர்கள் ஜீப் அமர்த்துமுன் குளத்தின் நீர்மட்டத்தை விசாரியுங்கள். யானைகள் குறைவாகத் தெரிந்தால் ஓட்டுநரைக் கடிந்துகொள்ளாதீர்கள்; புல்வெளி எங்கே போயிற்று என்று கேளுங்கள். அந்தக் கேள்வி நீரை ஆள்பவர்களின் காதில் விழும்வரை பலரும் கேட்க வேண்டும்.