கிராணி வாங்கிய சித்திரம்

சிங்கப்பூரின் ஐம்பது வெள்ளி நோட்டைத் திருப்பி அதன் பின்புறத்தைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்? 1999-ஆம் ஆண்டு வெளிவந்த வரிசையைச் சேர்ந்த அந்த நோட்டில் இரண்டு சித்திரங்கள் அச்சாகியிருக்கின்றன. ஒன்று, சென் வென் சி தீட்டிய கொடிகளிடையே இரு குரங்குகள். மற்றொன்று, சியோங் சூ பியெங் தீட்டிய கருவாடு உலர்த்தும் பெண்கள். அவற்றின் அருகே நமது வீணையும் ஓர் ஓரத்தில் இடம் பெற்றிருக்கிறது. அரசாங்கம் பணத்தின்மேல் சித்திரத்தைப் பொறித்திருக்கிறது. நாமோ சித்திரத்தின்மேல் பணத்தைச் செலவிட ஒருப்படுவதில்லை.

இப்படி எழுதுவதால் என்னைச் செல்வந்தன் என்று அன்பர்கள் எண்ணிவிட வேண்டாம். தோட்டக் கம்பெனியொன்றில் கணக்கெழுதும் கிராணி நான். செம்பவாங்கில் தாயாருடனும் மனைவி மக்களுடனும் அடுக்குமாடி வீடொன்றில் குடியிருக்கிறேன். சித்திரம் வாங்குவது பெரிய இடத்து வழக்கம் என்று முப்பது வயது வரை நானும் நம்பியிருந்தவனே. ஆங்கிலப் பள்ளியில் பயின்ற காலத்தில் ஐரோப்பியச் சித்திரங்களைப் புத்தகத்தில் காட்டினார்கள். பெயர்களை நெட்டுருப் போட்டுப் பரீட்சையில் எழுதினேன். உயிரோடிருக்கும் ஒருவர் நாம் ஏறும் பஸ்ஸிலேயே ஏறி இறங்கிக்கொண்டு சித்திரம் எழுதுகிறார், அதை நம் போன்றவர் விலை கொடுத்து வாங்கலாம் என்று எந்த ஆசிரியரும் சொன்னதில்லை.

நம்மவர் வீடுகளில் சித்திரமே இல்லை என்று சொல்வது பொருந்தாது. மளிகைக் கடைக்காரர் தீபாவளிக்குக் கொடுக்கும் காலண்டர் எந்த லயத்து வீட்டில் தொங்கவில்லை? அந்தக் காலண்டர் படத்தின் பாட்டனார் ராஜா ரவி வர்மா ஆவார். 1848-இல் பிறந்த அவர், 1894-இல் பம்பாயில் அச்சுக்கூடம் நிறுவி, கல்லச்சு முறையில் வண்ணத்துக்கு ஒரு கல்லாகப் பல கற்களால் ஒற்றியெடுத்த படங்களை மலிவான விலைக்குப் பரப்பினார். அரண்மனைச் சுவரை அலங்கரித்த கலைமகளும் திருமகளும் குடிசைக்கு வந்து சேர்ந்தார்கள். கோயில் வாயிலில் தடுத்து நிறுத்தப்பட்ட மக்கள் தங்கள் வீட்டுச் சுவரிலேயே தெய்வ வடிவங்களைக் கண்டார்கள். ஆகவே காலண்டர் படத்தை ஏளனம் செய்ய எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இலவசமாக வருவதுதான் படம் என்ற எண்ணமும் அந்த வழியாகவே நம்மிடம் வேரூன்றிவிட்டது. அதை எழுதிய கை யாருடையது, அந்தக் கைக்கு என்ன கூலி கிடைத்தது என்று நாம் கேட்பதில்லை. கூலியின் அருமையை நன்கறிந்த நம் சமூகம் இந்த ஒரு கூலியை மட்டும் மறந்தது விசித்திரமே.

அந்தக் கூலி கிடைக்காதபோது சித்திரக்காரர் என்ன செய்வார்? சென்னையில் நடந்ததைப் பாருங்கள். 1966-இல் கே. சி. எஸ். பணிக்கரின் தலைமையில் சென்னைக் கலைப் பள்ளியைச் சேர்ந்த இளைஞர்கள் கடற்கரை ஓரமாக நிலம் வாங்கிச் சோழமண்டலம் என்ற கலைக் கிராமத்தை அமைத்தார்கள். சித்திரத்துக்கு வாங்குவோர் அரிதாக இருந்தமையால், துணியில் பாத்திக் வேலையும் பிற கைத்தொழில்களும் செய்து விற்று, அந்த வருவாயைக் கொண்டு வயிறு வளர்த்தார்கள்; மீந்த பொழுதில் தங்கள் மனத்துக்குகந்த சித்திரம் எழுதினார்கள். அவர்கள் காலத்தவரான கே. எம். ஆதிமூலத்தின் கோட்டுச் சித்திரங்களை, தமிழ்ப் பத்திரிகை படிப்போர் கதைகளுக்கும் கவிதைகளுக்கும் அருகே கண்டிருப்பார்கள். பத்திரிகையை மடித்துப் பழைய தாளோடு போட்டவர் பலர். அவர் கையால் எழுதிய மூலச் சித்திரம் ஒன்றைத் தேடிப் போனவர் சிலர்.

எனக்கு இந்த ஆவல் தோன்றிய ஆரம்பத்தில் நான் ஏமாந்த கதையையும் சொல்லிவிட வேண்டும். நகரில் ஒரு கடையில் பளபளப்பான சட்டமிட்ட படமொன்றைக் கண்டேன். அடியில் சித்திரக்காரர் கையொப்பம். பக்கத்தில் 112/500 என்ற எண். 'ஐந்நூறு பிரதிகளே உண்டு; அசல்' என்றார் கடைக்காரர். அரை மாதச் சம்பளத்தைக் கொடுத்து வாங்கி வந்தேன். சில நாட்களுக்குப் பின், காரியாலயத்தில் ரசீதுகளைப் படிக்க வைத்திருந்த பூதக்கண்ணாடியை விளையாட்டாக அதன்மேல் பிடித்தபோது, தூரிகைத் தடமென்று நான் மகிழ்ந்த இடமெல்லாம் பொடிப்பொடியான வண்ணப் புள்ளிகளாகத் தெரிந்தது. கையொப்பமும் அவ்வாறே புள்ளிகள்தான். மூலச் சித்திரத்தை இயந்திரத்தால் படம் பிடித்து, இயந்திரத்தாலேயே அச்சிட்ட நகல் அது. கடைக்காரரைக் குறை கூறி என்ன பயன்? கேட்கத் தெரியாதவன் நான்.

அந்த நஷ்டம் ஒரு பாடத்தைக் கற்பித்தது. அச்சு என்றாலே நகல் என்று பொருளல்ல. சித்திரக்காரர் தாமே மரப்பலகையைச் செதுக்கியோ, செப்புத் தகட்டைக் கீறியோ, கல்லின்மேல் எழுதியோ, பட்டுத்திரை கட்டியோ அச்சைத் தயாரித்து, மை பூசி, தாளில் ஒற்றியெடுத்தால், அந்த ஒவ்வொரு தாளும் அசலே. அதற்கு முன்னால் வேறொரு மூலம் கிடையாது. அடியில் பென்சிலால் 7/30 என்று எழுதியிருந்தால், முப்பது பிரதிகளில் ஏழாவது என்று கொள்ள வேண்டும். முப்பதும் முடிந்தபின் அந்தப் பலகையைக் கீறிப் பயனற்றதாக்கிவிடுவது நாணயமுள்ளவர் வழக்கம். பூதக்கண்ணாடியில் புள்ளிக் கூட்டம் தெரியாது. மை அழுந்திய விளிம்பும், சில சமயம் மரத்தின் ரேகையும் தெரியும். ஒரே படைப்பை முப்பது பேர் பங்கிட்டுக்கொள்வதால், எண்ணெய் வண்ணச் சித்திரத்தை அணுக முடியாத கிராணியும் இதை வாங்க முடிகிறது.

இந்த நாட்டில் மரச்செதுக்குச் சித்திரத்துக்கு ஒரு பெருமையான சரித்திரம் உண்டு. சீன எழுத்தாளர் லூ சுன் 1931-இல் ஷாங்காயில் இளைஞர்களுக்கு மரச்செதுக்குக் கலையைப் பயிற்றுவிக்க ஏற்பாடு செய்தார். பலகையும் உளியும் மையும் போதும், ஏழையின் துயரை ஏழைக்கே காட்டலாம் என்ற அந்த எண்ணம் கடல் கடந்து மலாயாவுக்கும் வந்தது. செம்பவாங்கில் பிரிட்டிஷார் தங்கள் பெரிய கப்பற்படைத் தளத்தைத் திறந்த அதே 1938-ஆம் ஆண்டில், நகரில் நான்யாங் நுண்கலைப் பள்ளி தோன்றியது. அந்தப் பள்ளியோடு தொடர்புடையவர்கள் உள்ளிட்ட ஆறு சித்திரக்காரர்கள் 1966-இல் மரச்செதுக்குச் சித்திரங்களுக்கென்றே ஒரு கண்காட்சி நடத்தினார்கள். அதற்கு முந்திய ஆண்டில் கோ சியா யோங் செதுக்கிய சித்திரமொன்றில், தெருவியாபாரிகள் அதிகாரிகள் வருவதைக் கண்டு சாமான்களைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். கறுப்பு, வெள்ளை என்னும் இரண்டே நிறம்; ஓடுகிறவர்களின் அச்சமெல்லாம் அதில் இருக்கிறது.

வருமானம் குறைந்தவன் சேகரிக்க முடியுமா என்று ஐயுறுவோருக்கு அமெரிக்காவிலிருந்து ஓர் உதாரணம் கூறுவேன். நியூயார்க்கில் ஹெர்பர்ட் வோகல் என்பவர் தபால் இலாகாவில் கடிதம் பிரிக்கும் ஊழியர். அவர் மனைவி டோரதி நூலக ஊழியர். 1962-இல் மணந்துகொண்ட இருவரும் மனைவியின் சம்பளத்தில் குடும்பம் நடத்தி, கணவரின் சம்பளத்தில் சித்திரம் வாங்கினார்கள். தங்கள் சக்திக்குட்பட்ட விலையாயிருக்க வேண்டும், தங்கள் சின்னஞ்சிறு வீட்டுக்குள் அடங்க வேண்டும் என்பவையே அவர்கள் விதிகள். பெயர் பெறாத இளைஞர்களிடம் நேரில் சென்று வாங்கினார்கள்; தவணை முறையிலும் பணம் கொடுத்தார்கள். ஆண்டுகள் செல்லச் செல்ல நாலாயிரத்துக்கு மேற்பட்ட படைப்புகள் சேர்ந்தன. 1992-இல் அந்தச் சேகரிப்பு வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்துக்குச் செல்ல ஏற்பாடாயிற்று. பின்னர் அமெரிக்காவின் ஐம்பது மாநிலங்களுக்கும் மாநிலத்துக்கு ஐம்பதாகப் பங்கிட்டுக் கொடுத்தார்கள். விற்றிருந்தால் கோடீசுவரராகியிருக்கக்கூடிய அத்தம்பதிகள் வாடகை வீட்டிலேயே வாழ்ந்தார்கள்.

இனி என் இரண்டாவது சித்திரத்துக்கு வருகிறேன். சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தொன்றில், மாடியறையில், ஒரு தமிழ் இளைஞர் தம் மரச்செதுக்குச் சித்திரங்களைப் பார்வைக்கு வைத்திருந்தார். அவற்றுள் ஒன்று பால்மரம் சீவும் பெண்ணின் சித்திரம். விடியாத இருட்டு, நெற்றியில் விளக்கு, அந்த வெளிச்சம் படுமிடத்தில் மட்டும் மரமும், மங்கும், கையில் உளியும். பக்கத்தில் வாளி, அதில் 14 என்ற எண். பன்னிரண்டு பிரதிகளில் நான்காவது. விலை இருநூற்றெண்பது வெள்ளி. இரண்டு தவணையில் கொடுக்கச் சம்மதம் பெற்று, பூதக்கண்ணாடியையும் மறவாமல் பிடித்துப் பார்த்து, வாங்கி வந்தேன்.

தாயாருக்கு விலையைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது. 'நான் ஒரு மாதம் முழுவதும் மரம் சீவினாலும் அந்த நாளில் இவ்வளவு காசு கண்டதில்லை. இதற்குப் பதில் குழந்தைக்கு ஒரு மோதிரம் எடுத்திருக்கலாமே, தம்பி' என்றார். அவர் சிறு வயதில் நீரிணைக்கு அப்பால் ஜொகூர்த் தோட்டமொன்றில் நிரை பிடித்துப் பால்மரம் சீவியவர். நான் மறுமொழி சொல்லவில்லை. மோதிரத்துக்கு எதிராக வழக்காடி வென்ற மகன் தமிழ்நாட்டிலும் இல்லை, மலாயாவிலும் இல்லை.

மூன்று நாள் கழித்து, காலையில் நான் வேலைக்குப் புறப்படும் வேளையில், அவர் சித்திரத்தின் எதிரே நின்றுகொண்டிருந்தார்.

'இந்தப் பெண் இடக்கைக்காரி' என்றார்.

'இருக்கலாம், அம்மா.'

'இருக்கட்டும். ஆனால் மரத்தில் கோடு எப்படித் திரும்பும்? இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே இறங்க வேண்டும். இதில் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் இறங்குகிறது. இப்படிச் சீவினால் பால் குறைந்துபோகும். தண்டல் பார்த்தால் அன்றைக்கே வேலையை விட்டு நிறுத்திவிடுவார்.'

நான் திகைத்து நின்றேன். எத்தனை முறை பார்த்திருப்பேன்! ரப்பர்க் கணக்குகளைப் பத்தாண்டுகளாக எழுதுகிறேன். மரத்தின் கோடு எப்பக்கம் சரிகிறதென்று என் கண்ணில் படவில்லை. அவர் கூறியது சாஸ்திர ரீதியாகவும் உண்மை. பால் ஓடும் குழாய்கள் பட்டைக்குள் சற்றுச் சாய்வாக ஏறுகின்றன. இடமிருந்து வலமாக இறங்கும் வெட்டே அவற்றுள் அதிகமானவற்றைத் திறந்துவிடும்.

பிழையின் காரணமும் அப்போதே எனக்கு விளங்கிற்று. பலகையில் செதுக்கியது தாளில் ஒற்றும்போது இடவலம் மாறிவிடும். வாளியின் எண்ணை இளைஞர் நினைவாகத் திருப்பிச் செதுக்கியிருந்தார். அது நேராக விழுந்திருந்தது. மரத்தைத் திருப்ப மறந்துவிட்டார். அந்தப் பிழையைப் பூதக்கண்ணாடி காட்டவில்லை. தாயாரின் கண் காட்டிற்று. அதுவே, ஒரு மனிதன் உளியெடுத்துப் பலகையில் செதுக்கினான் என்பதற்குச் சாட்சியுமாயிற்று.

இரண்டாம் தவணையைக் கொடுக்கச் சென்றபோது விஷயத்தைச் சொன்னேன். இளைஞரின் முகம் வாடிவிட்டது. பழைய புகைப்படமொன்றைப் பார்த்துச் செதுக்கியதாகவும், தாம் ரப்பர் மரத்தை நேரில் கண்டதே இல்லையென்றும் ஒப்புக்கொண்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை செம்பவாங்குக்கே வந்து, தாயாரின் எதிரே தரையில் உட்கார்ந்து, 'அம்மா, எனக்குச் சொல்லிக்கொடுங்கள்' என்றார். தாயார் துடைப்பக் குச்சியொன்றை எடுத்துக்கொண்டு, எங்கள் வீட்டுக் கதவையே மரமாகப் பாவித்து, நிற்கும் நிலை, முழங்கால் மடங்கும் அளவு, கை இழுக்கும் வேகம் எல்லாவற்றையும் நடித்துக் காட்டினார். பட்டையின் கனம் எவ்வளவு விட வேண்டும், மரத்தில் காயம்பட்டால் என்ன நேரும், மழை நாளில் கூலி எப்படிப் பாதியாகும் என்பதையெல்லாம் இரண்டு மணி நேரம் பேசினார். அதில் பாதி நான் பெற்ற மகனாயிருந்தும் கேட்டறியாதது.

விடைபெறும்போது இளைஞர் புதிய பலகையில் திருத்திச் செதுக்கப் போவதாகவும், பழைய தாளுக்குப் பதில் புதிய தாளைத் தருவதாகவும் கூறினார். தாயார் தலையை அசைத்து மறுத்துவிட்டார்.

'புதியதை நன்றாகச் செய், தம்பி. இது இங்கேயே இருக்கட்டும். சரியாக இருந்தால் யார் என்னைக் கேட்பார்கள்?'

இப்போது அந்தச் சித்திரம் வெயில் படாத உட்சுவரில் இருக்கிறது. நம் ஊர் ஈரக்காற்றில் தாளில் பூஞ்சை பிடிக்கும் என்பதால், கண்ணாடி தாளைத் தொடாதபடி இடைவெளி விட்டு, அமிலமற்ற அட்டை வைத்துச் சட்டமிட்டிருக்கிறோம். நகலுக்குக் கொடுத்த அரை மாதச் சம்பளம் கட்டிலின் கீழே கிடக்கிறது. விருந்தினர் வந்தால் தாயார் காப்பி கொடுத்தபின் அவர்களைச் சுவரருகே அழைத்துச் செல்கிறார். 'இதில் ஒரு தப்பு இருக்கிறது, கண்டுபிடியுங்கள்' என்கிறார். தோட்டத்திலிருந்து வந்த முதியவர்கள் உடனே கண்டுவிடுகிறார்கள். என்னைப் போல் படித்தவர்கள் வெகு நேரம் நிற்கிறார்கள்.

மோதிரப் பேச்சு அதன்பின் எழவில்லை.