கை கழுவிய கதை

பள்ளி ஆசிரியர்களுக்கான சுகாதாரக் கையேடு ஒன்றைத் தமிழாக்கும் வேலை வந்தது. முப்பது பக்கம், நிறையப் படங்கள். இரண்டு நாளில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். தலைப்பிலேயே மாட்டிக்கொண்டேன்.

கை கழுவுவது பற்றிய கையேடு அது. தமிழில் கை கழுவுவதற்குத் தண்ணீர் தேவையில்லை. கட்சி தொண்டனைக் கைகழுவுகிறது. மகன் தகப்பனைக் கைகழுவுகிறான். 'அரசுப் பள்ளிகளில் கைகழுவும் திட்டம்' என்று எழுதிப் பார்த்தேன். பள்ளிகளை இழுத்து மூடப்போகிறார்கள் என்பது போல இருந்தது. இந்தியில் சங்கடம் வேறு மாதிரி. 'ஹாத் தோ பைட்னா' என்றால் ஒன்றை இழந்து நிற்பது. 'ஹாத் தோகர் பீச்சே பட்னா' என்றால், அதாவது கையைக் கழுவிக்கொண்டு ஒருவர் பின்னால் போவது என்றால், விடாமல் துரத்துவது. தமிழன் விட்டுத் தொலைக்கும்போது கழுவுகிற கையை, இந்திக்காரர் விடாப்பிடியாகப் பிடிக்கும்போது கழுவுகிறார். தில்லியில் உட்கார்ந்து இரண்டு மொழிகளுக்கு நடுவே பிழைப்பு நடத்துகிற எனக்கு இப்படிப்பட்ட அற்ப சந்தோஷங்கள் அவ்வப்போது கிடைக்கும்.

கடைசியில் 'சோப்புப் போட்டுக் கை கழுவுவோம்' என்று எழுதினேன். சோப்பு சேர்ந்ததும் வாக்கியத்தின் வில்லங்கம் போய்விட்டது. ஆனால் சோப்பு என்று எழுதிய கையோடு மத்தியப் பிரதேசத்தின் ஒரு கிராமப் பள்ளி ஞாபகத்துக்கு வந்துவிட்டது. மேற்கொண்டு வேலை ஓடவில்லை.

உலகக் கை கழுவும் நாள் என்று ஒன்று உண்டு. அக்டோபர் 15. 2008-ல் தொடங்கியது. அரசுகள், ஐ.நா. அமைப்புகள், கூடவே சோப்புக் கம்பெனிகள் எல்லாம் சேர்ந்து உண்டாக்கிய நாள். (சோப்புக் கம்பெனிகளின் அக்கறையைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். 2013 அலகாபாத் கும்பமேளாவில், சாப்பிடும் முன் லைஃப்பாய் போட்டுக் கை கழுவினீர்களா என்று ரொட்டிகளின் மேலேயே முத்திரை குத்திப் பரிமாறினார்கள்.) 2014-ல் அந்த நாளில் மத்தியப் பிரதேச அரசு ஓர் உலக சாதனைக்கு ஏற்பாடு செய்தது. மாநிலமெங்கும் 13 ஆயிரத்துக்கு மேற்பட்ட இடங்களில், 12 லட்சத்து 76 ஆயிரத்துச் சொச்சம் பேர் ஒரே நாளில் கை கழுவினார்கள். பெரும்பாலும் பள்ளிக் குழந்தைகள். கின்னஸ் அங்கீகாரமும் கிடைத்தது.

அந்த இடங்களில் ஒன்றில் நானும் நின்றுகொண்டிருந்தேன். பள்ளி மைதானத்தில் வரிசையாக பிளாஸ்டிக் வாளிகள், குவளைகள், காகிதம் பிரிக்காத புது சோப்புகள். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, நகக்கண் என்று வரிசைப்படி பாட்டுப் பாடிக்கொண்டே தேய்த்தார்கள். யார் எண்ணினார்கள், எப்படி எண்ணினார்கள் என்பதற்கெல்லாம் கடுமையான விதிகள் இருந்தன. குழந்தைகளுக்குக் கொள்ளை சந்தோஷம். நுரை என்பதே ஒரு விளையாட்டுச் சாமான்தானே. நானும் ரசித்து எழுதி அனுப்பினேன்.

நான்கு மாதம் கழித்து, 2015 பிப்ரவரியில், வேறொரு வேலையாக அதே பக்கம் போனேன். மதிய உணவு நேரம். ரொட்டியும் பருப்பும். மணி அடித்ததும் பிள்ளைகள் தட்டோடு ஓடி வந்து வராந்தாவில் உட்கார்ந்தார்கள். யாரும் கை கழுவவில்லை. நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தியைக் கூப்பிட்டு, கை கழுவுவது எப்படி என்று கேட்டேன். மூச்சு விடாமல் எல்லாப் படிகளையும் அபிநயத்தோடு செய்து காட்டினாள். ஒரு விரல்கூடத் தப்பவில்லை. பிறகு அதே கையால் ரொட்டியைப் பிய்த்தாள்.

"கழுவவில்லையே?" என்றேன்.

"அது பதினைந்தாம் தேதிக்கு, மேடம்" என்றாள்.

சோப்பு எங்கே என்று தலைமையாசிரியரிடம் விசாரித்தேன். நல்ல மனிதர். பீரோவைத் திறந்து காட்டினார். பதிவேடுகளுக்கும் வரைபடச் சுருள்களுக்கும் நடுவே சோப்புகள் அடுக்கியிருந்தன. வெளியே வைத்தால் என்ன என்றேன். அவர் சொன்ன காரணங்களைக் கேலி செய்ய முடியாது. வெளியே வைத்த முதல் வாரமே காக்காய் தூக்கிக்கொண்டு போனது. நம் ஊரில் கிணற்றடியில் குளித்த எவருக்கும் தெரிந்த விஷயம்தான். காக்காய் விட்டதை எலி கடித்தது. எலி விட்டது ஏதோ ஒரு குழந்தையின் பையில் வீட்டுக்குப் போனது. "அம்மா குளிக்க எடுத்துப்போனாளாம். அடிக்கவா முடியும்?" என்றார். தீர்ந்தால் மறுபடி வாங்க எந்தக் கணக்கில் எழுதுவது என்பதும் அவருக்கு விளங்கவில்லை. சாக்பீஸுக்குக் கணக்கு இருந்தது, சோப்புக்கு இல்லை.

தண்ணீர், பள்ளிக்கு வெளியே சாலையோரத்து அடிபம்பில். அடிபம்பில் ஒருவர் தனியாகக் கை கழுவ முடியாது. ஒருவர் அடிக்க வேண்டும், ஒருவர் ஏந்த வேண்டும். சாப்பிட்டு முடித்த பிள்ளைகள் தட்டோடு அங்கே போனார்கள். பின்னாலேயே போய்ப் பார்த்தேன். இரண்டு பையன்கள் மட்டும் தள்ளி நின்றார்கள். மற்றவர்கள் முடித்துக்கொண்டு நகர்ந்த பிறகு வந்து, ஒருவனுக்கு மற்றவன் அடித்துக்கொண்டான். வேறு யாரும் அவர்களுக்காக அந்தக் கைப்பிடியைப் பிடிக்கவில்லை. அவர்களும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. ஏன் என்று உதவி ஆசிரியரைக் கேட்டேன். "அவர்கள் அந்தப் பக்கத்து வீடுகள், மேடம்" என்றார். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

சமையல் செய்த அம்மாளிடம் பேசினேன். காலையில் வந்து அடுப்பு மூட்டி, ஒரே ஆளாக நூறு பேருக்கு மாவு பிசைகிறவர். விறகு எடுத்த கை, சாணம் தொட்ட கை, மூக்கு ஒழுகும் பேரனைத் துடைத்த கை. அவருக்கு சோப்பு யார் கொடுக்கிறார்கள் என்று கேட்டதும் சிரித்துவிட்டார். "எங்களை யாரும் கழுவச் சொல்லவில்லை, தீதி. பாட்டெல்லாம் குழந்தைகளுக்குத்தான்."

முதுகலைத் தமிழ் படித்தபோது 'கை நனைத்தல்' என்ற வழக்கைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். ஒரு வீட்டில் சாப்பிடுவது என்பதற்கு நம் பக்கத்துச் சொல் அது. சம்பந்தம் முடிவாகும் வரை பெண் வீட்டில் கை நனைக்க மாட்டோம் என்பார்கள். சாப்பாட்டையே கையின் ஈரத்தால் குறிப்பிடுகிற மொழி. ஆனால் உற்றுப் பார்த்தால், அதில் இருப்பது நனைத்தல்தான், கழுவுதல் அல்ல. எச்சில், பத்து, தீட்டு என்று நாம் வகுத்துக்கொண்ட விதிகளெல்லாம் யார் தொட்டது, எந்தப் பாத்திரத்தில் பட்டது என்பதைப் பற்றியவை. கண்ணுக்குத் தெரியாத கிருமியை அவற்றுக்குத் தெரியாது. அதனால்தான் சாப்பிட்ட பிறகு அவ்வளவு அக்கறையாகக் கழுவுகிறோம். சாப்பிடும் முன் விரல் நுனியைத் தண்ணீரில் காட்டிவிட்டு உட்காருகிறோம். என் பள்ளிக்கூடத்தில் சத்துணவுக்கு வரிசையில் நிற்கும் முன் தட்டைக் கழுவச் சொல்வார்கள். தட்டில் தூசி இருந்தால் டீச்சர் திருப்பி அனுப்புவார். கையை யாரும் பார்த்ததில்லை. அந்தத் தட்டையும் பாவாடையில்தான் துடைத்தேன்.

ஆக, குழந்தைகளுக்குத் தெரியவில்லை, சொல்லிக் கொடுத்தால் போதும் என்ற எண்ணத்தில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. 1847-ல் வியன்னா மருத்துவமனையில், பிரசவம் பார்க்கும் முன் கை கழுவுங்கள் என்று செமல்வைஸ் சொன்னபோது எதிர்த்தவர்கள் படித்த டாக்டர்கள். குளோரின் கலந்த தண்ணீரில் கழுவியதும் தாய்மார்களின் சாவு மளமளவென்று குறைந்தது. அதைக் கண்ணால் பார்த்த பிறகும் ஒத்துக்கொள்ளவில்லை. டாக்டர்களே இப்படி என்றால் நாலாம் வகுப்புக் குழந்தையைக் குறை சொல்வானேன்?

பிரயோஜனம் இருக்கிறதா என்பதில் சந்தேகமே இல்லை. கராச்சியின் ஏழைக் குடியிருப்புகளில் ஓர் ஆய்வு நடத்தி 2005-ல் வெளியிட்டார்கள். வீடுகளுக்கு இலவசமாக சோப்பு கொடுத்து, வாரந்தோறும் ஆள் போய்ப் பேசி, ஓராண்டு தொடர்ந்து கவனித்தார்கள். 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளிடம் வயிற்றுப்போக்கு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளிடம் நிமோனியாவும் பாதியானது. கிருமிநாசினி சோப்பும் சாதாரண சோப்பும் ஒரே பலனைத்தான் தந்தன என்பது இன்னொரு முடிவு. விளம்பரக்காரர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது, அங்கே சோப்பு முதலில் வந்தது, பேச்சும் நிற்கவில்லை.

இங்கே கட்டடம் முதலில் வந்தது. எல்லாப் பள்ளிக்கும் ஓராண்டுக்குள் கழிப்பறை என்று 2014 சுதந்திர தினத்தில் அறிவிப்பு. மறு ஆண்டே 4 லட்சத்து 17 ஆயிரம் கழிப்பறைகள் கட்டி முடித்தாயிற்று என்றார்கள். அதில் பொதுத்துறை நிறுவனங்கள் கட்டியவற்றை மாதிரிக்கு எடுத்து சோதித்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை 2020 செப்டம்பரில் நாடாளுமன்றத்துக்கு வந்தது. சோதித்தவற்றில் 72 சதவீதத்தில் உள்ளே தண்ணீர் வசதி இல்லை. 55 சதவீதத்தில் கை கழுவ வசதியே இல்லை. அதே ஆண்டுதான் நாம் எல்லாரும் கொரோனாவுக்கு பயந்து 20 விநாடி எண்ணிக்கொண்டு கை கழுவினோம். அந்த 20 விநாடியை நானே எத்தனை அறிவிப்புகளில் தமிழாக்கினேன் என்று கணக்கில்லை.

பணமே இல்லை என்றும் இப்போது சொல்ல முடியாது. 2018-ல் வந்த சமக்ர சிக்ஷா திட்டத்தில், எண்பது, தொண்ணூறு பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய் மானியம் என்றும், அதில் குறைந்தது 10 சதவீதத்தைத் தூய்மைக்குச் செலவிட வேண்டும் என்றும் வகுத்தார்கள். அதாவது 2,500 ரூபாய். ஆரம்பப் பள்ளிக்குச் சட்டப்படி 200 வேலை நாள். நாளுக்குப் பன்னிரண்டரை ரூபாய். அதற்குள் துடைப்பம், பினாயில், சோப்பு எல்லாம். தலைமையாசிரியர் ஏன் பீரோவைப் பூட்டினார் என்று எனக்கு மறுபடியும் புரிந்தது.

2022-ல் அதே மாவட்டத்தில் இன்னொரு பள்ளிக்குப் போனேன். அங்கே ஓர் ஆசிரியை சோப்புக் கட்டியையே ஒழித்திருந்தார். பழைய தண்ணீர் பாட்டில், மூடியில் ஆணியால் ஒரு துளை, உள்ளே தண்ணீரில் கலந்த சலவைத் தூள். அழுத்தினால் சொட்டும். காக்காய்க்கும் வேண்டாம், எலிக்கும் வேண்டாம், வீட்டுக்குக் கொண்டுபோகவும் யாருக்கும் ஆசை வராது. அடிபம்பில் பிடித்து மேடையில் வைத்த ஒரு டிரம்மிலிருந்து பிளாஸ்டிக் குழாய் ஒன்று சுவரோரமாக ஓடியது. குழந்தைகளின் இடுப்பு உயரத்தில் அதில் பத்துத் துளைகள். ஒரு வால்வைத் திருகினால் பத்துப் பேர் ஒரே நேரத்தில் கழுவலாம். யாரும் யாருக்கும் அடிக்க வேண்டியதில்லை.

பிள்ளைகளை உயர வரிசையில் நிறுத்தியிருந்தார். வகுப்பு வரிசையில் நிறுத்தலாமே என்றேன். "முதலில் அப்படித்தான் செய்தேன். வகுப்புக்குள்ளே அவர்களாக ஒரு வரிசை போட்டுக்கொண்டார்கள். உயரத்தைப் பற்றி யாரும் எதுவும் சொல்வதில்லை" என்றார். மேலே விளக்கவில்லை. சாப்பாட்டு மணியையும் பத்து நிமிடம் முன்னதாக மாற்றியிருந்தார். அந்தப் பத்து நிமிடத்துக்காக மேலதிகாரியிடம் இரண்டு கடிதம் எழுத வேண்டியிருந்ததாம். காலையில் அந்தக் குழாயில் முதலில் கை கழுவுவது யார் என்று கேட்டேன். சமையல்கட்டைக் காட்டினார். அங்கே அந்த அம்மாளுக்கென்று தனியாக ஒரு பாட்டில் ஆணியில் தொங்கியது.

இதெல்லாம் ஞாபகத்தில் இருந்ததால் கையேட்டின் பதினோராம் பக்கத்தில் கை நின்றது. 'பாட்டுப் பாடிக்கொண்டே கை கழுவக் குழந்தைகளை ஊக்குவிக்க வேண்டும்' என்று தொடங்கும் பக்கம். அதற்கு முன்னால் தண்ணீர் எங்கிருந்து வரும், சோப்பை எப்படி வைப்பது, சமைப்பவருக்கு யார் கொடுப்பது என்று நாலு வரி சேர்க்கலாமா என்று எழுதிக் கேட்டேன். பாட்டில் யோசனையையும் விளக்கியிருந்தேன். மறுநாளே பதில் வந்தது, மரியாதையாகத்தான். நல்ல யோசனைகள், ஆனால் மூலத்தில் இல்லாததை மொழிபெயர்ப்பில் சேர்க்க இயலாது.

மூலத்தில் உள்ளபடியே முடித்து அனுப்பினேன். சென்ற வாரம் அச்சுப் பிரதி வந்தது. அட்டையில் 'சோப்புப் போட்டுக் கை கழுவுவோம்' பெரிய எழுத்தில் நன்றாகவே இருக்கிறது. கீழே ஒரு சிறுமியின் படம். அவள் தலைக்கு மேல் பளபளவென்று ஒரு குழாய், அதிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கிறது.