தீப்பெட்டி அட்டையும் காந்த வளையமும்

என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் வேலை டார்ச் லைட் பிடிப்பது.

ஊத்தான் மெலிந்தாங்கில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், தென்னை மரத்தடியில் தாத்தாவின் டாட்சன் 620 பிக்கப் நிற்கும். 1977ஆம் ஆண்டு வண்டி; என் அப்பாவைவிட ஐந்து வயதுதான் இளையது. தேங்காய் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு தெலுக் இந்தான் சந்தைக்கும் வீட்டுக்குமாக ஓடியே வயதான வண்டி. அது மக்கர் செய்யும் மாலைகளில் தாத்தா முன் மூடியைத் திறந்துகொண்டு குனிவார். தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த நான் பக்கத்தில் ஒரு பழைய நாற்காலியில் ஏறி நின்று வெளிச்சம் காட்டுவேன்.

"வெளிச்சத்த உள்ளுக்குக் காட்டு பாப்பா, என் மூஞ்சியில காட்டாத" என்பார்.

அவர் குனிந்து பார்த்தது 'பாயிண்ட்' என்ற சின்னஞ்சிறு பாகத்தை. பொறியியல் படிக்காத நண்பர்களுக்காக அதைச் சற்று விளக்கிவிடுகிறேன். பழைய பெட்ரோல் வண்டிகளில் பேட்டரியின் 12 வோல்ட்டைப் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்திக் கொடுப்பது காயில். காயிலில் மின்சாரம் ஓடிக்கொண்டிருந்தால் மட்டும் தீப்பொறி வந்துவிடாது. ஓடும் மின்சாரத்தைச் சட்டென்று அறுக்க வேண்டும். அறுக்கும் அந்தக் கணத்தில்தான் பொறி பிறக்கும். அறுக்கும் வேலையைச் செய்வது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ஒன்றையொன்று தொட்டுத் தொட்டுப் பிரியும் இரண்டு உலோக முனைகள். அவைதாம் பாயிண்ட். நான்கு சிலிண்டர் இயந்திரம் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால், அந்த முனைகள் ஒரு நொடிக்கு 100 முறை திறந்து மூட வேண்டும்.

இப்படி ஓயாமல் உழைக்கும் பொருள் தேயாமல் இருக்குமா? முனைகள் கருகும். அவற்றைத் தள்ளித் திறக்கும் சிறு கட்டை உராய்ந்து தேயும். கட்டை தேயத் தேய இடைவெளி குறையும், பொறி தாமதமாக வரும், வண்டி இழுக்காது. எனவே அவ்வப்போது இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும். எங்கள் வண்டிக்கு அது 0.45 முதல் 0.55 மில்லிமீட்டர் வரை இருக்கலாம். தாத்தாவிடம் அளவுகோல் எதுவும் கிடையாது. தீப்பெட்டி அட்டையைக் கிழித்து முனைகளுக்கு நடுவே விட்டுப் பார்ப்பார். இடைநிலைப்பள்ளியில் படிக்கும்போது ஒருநாள் குறும்பாக அளவுத் தகடு வைத்து அவர் வேலையைச் சோதித்தேன். 0.45 இருந்தது. அன்றிலிருந்து சோதிப்பதை விட்டுவிட்டேன்.

கடந்த ஆண்டு தாத்தாவுக்கு இனிப்பு நீரால் கண் மங்கியது. கையிலும் நடுக்கம். வண்டி சித்தப்பாவின் கைக்குப் போனது. இரண்டு மாதத்தில் மூன்று முறை தேங்காயோடு நடுவழியில் நின்றது. "இத வித்துட்டு வேற வாங்கிடலாம்" என்றார் சித்தப்பா. யாரும் மறுத்துப் பேசவில்லை. தாத்தாவும் பேசவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

செமஸ்டர் விடுமுறையில், டியூஷன் சொல்லிக்கொடுத்துச் சேர்த்த பணத்தில் ஏறக்குறைய 400 வெள்ளிக்கு ஓர் எலக்ட்ரானிக் இக்னிஷன் செட் வாங்கிவந்தேன். பாயிண்ட்டையும் கண்டென்சரையும் கழற்றிவிட்டு, அதே இடத்தில் பொருத்தும் சிறிய கறுப்புப் பெட்டி, சுழலும் தண்டில் மாட்ட ஒரு காந்த வளையம், இரண்டே வயர். தாத்தா அதைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்தார்.

"இதப் போட்டா பாயிண்ட் அடிக்க வேணாமா?"

"வேணாம் தாத்தா."

"அப்ப இனிமே என்னைய யாரும் கூப்பிட மாட்டீங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. வண்டியைக் காப்பாற்ற நினைத்த நான், அந்த வண்டியில் அவருக்கு மிஞ்சியிருந்த ஒரே வேலையைப் பறிக்கப் போகிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

பேச்சை மாற்றுவதற்காகவோ என்னவோ, அவரே கேட்டார்: "பாயிண்ட் இல்லாம எப்படி அறுக்கும்?"

விளக்க வாயெடுத்தேன். வார்த்தை வரவில்லை. இடைநிலைப்பள்ளியில் மலாயில் படித்தேன். பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் படிக்கிறேன். தேர்வில் இரண்டு பக்கம் எழுதிய விஷயத்தைத் தாத்தாவிடம் இரண்டு வரியில் சொல்ல முடியவில்லை. கடைசியில் கைகொடுத்தது தமிழ்ப்பள்ளிதான். காந்தம், வட முனை, தென் முனை என்று வண்ணப் பென்சிலில் எழுதிய சொற்கள் எங்கிருந்தோ வந்து நின்றன.

"இந்த வளையத்துக்குள்ள நாலு காந்தம் இருக்கு தாத்தா. இந்தப் பெட்டிக்குள்ள ஒரு கண்ணு இருக்கு. காந்தம் எதிர்ல வந்தா அதுக்குத் தெரியும். ஒடனே கரண்ட அறுத்துடும்."

"தொடாமலா?"

"தொடாமத்தான்."

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "தொடாதது தேயாது."

நான் சொல்ல வந்ததெல்லாம் அந்த ஒரு வரியில் இருந்தது. அந்தக் 'கண்ணு'க்கு அடிப்படையான ஹால் விளைவை எட்வின் ஹால் 1879இல், ஆய்வு மாணவராக இருந்தபோது கண்டுபிடித்தார். சார்ல்ஸ் கெட்டரிங் வடிவமைத்த பேட்டரி இக்னிஷன் கேடிலாக் கார்களில் வந்தது 1910ஆம் ஆண்டு மாடலில்தான். நாம் புதிது என்று நினைப்பதன் வேர், பழையது என்று கழற்றிப் போடுவதைவிட மூத்ததாக இருக்கிறது.

மறுநாள் மதியம் எல்லாவற்றையும் பொருத்தினேன். சிவப்பு வயர் காயிலின் பிளஸ்ஸில். கறுப்பு வயர் மைனஸில். சித்தப்பா சாவியைத் திருப்பினார். இயந்திரம் பிடித்தது! சாவியை விட்டார், செத்துவிட்டது. மறுபடியும் பிடித்தது, மறுபடியும் செத்தது. பத்து முறையாவது இருக்கும். வயரையெல்லாம் கழற்றி மாட்டிப் பார்த்தேன். பொழுது சாய்ந்துவிட்டது. சித்தப்பா எதுவும் சொல்லாமல் உள்ளே போனார். 400 வெள்ளி போனதைவிட அந்த மௌனம்தான் வலித்தது.

திண்ணையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த தாத்தா எதையும் பார்க்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தார்.

"சாவி திருப்புறப்ப பிடிக்குது, விட்டா சாவுது. அப்படித்தானே?"

"ஆமா தாத்தா."

"காயிலுக்குப் பக்கத்துல வெள்ளைக் கல்லு ஒண்ணு இருக்குமே, அதப் பார்த்தியா? லோரி ஓட்டுன காலத்துல அந்தக் கல்லு உடைஞ்சா இப்படித்தான் பண்ணும்."

அவர் சொன்ன வெள்ளைக் கல், பீங்கான் உறைக்குள் இருக்கும் மின்தடை. காயில் சூடேறாமல் இருக்க, ஓடும்போது வோல்ட்டைக் குறைத்துக் கொடுப்பது அதன் வேலை. ஸ்டார்ட் செய்யும் சில நொடிகளுக்கு மட்டும் அதைச் சுற்றிக்கொண்டு முழு 12 வோல்ட்டும் காயிலுக்குப் போகும். கல் உடையவில்லை. தவறு என்னுடையது. காயிலுக்குக் குறைத்துக் கொடுத்த வோல்ட்டையே என் கறுப்புப் பெட்டிக்கும் கொடுத்திருந்தேன். அதற்கோ முழு வோல்ட் வேண்டும். சிவப்பு வயரைக் கல்லைத் தாண்டி, சாவியிலிருந்து வரும் பக்கத்தில் மாட்ட வேண்டும். அவ்வளவுதான்.

இருட்டிவிட்டதால் தாத்தாவே டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றார். கை நடுங்கியதில் வெளிச்சம் அடிக்கடி என் முகத்தில் விழுந்தது. நான் எதுவும் சொல்லவில்லை.

வண்டி பிடித்தது. சாவியை விட்ட பிறகும் ஓடியது. சித்தப்பா ஓடிவந்தார். பொறி விழும் நேரத்தைச் சரிசெய்ய டிஸ்ட்ரிபியூட்டரைத் தாத்தாவின் காதுக்கு ஏற்பத் திருப்பினேன். "இன்னும் கொஞ்சம்... இன்னும்... போதும், விடு" என்றார். டைமிங் லைட் அடித்துப் பார்த்தேன். ஒரு டிகிரிதான் விலகியிருந்தது. பாயிண்ட் போனாலும் அந்தக் காதுக்கு வேலை இருந்தது.

வண்டியை விற்கும் பேச்சு இப்போது இல்லை. கழற்றிய பாயிண்ட்டையும் கண்டென்சரையும் ஒரு மைலோ டின்னில் போட்டு வண்டியிலேயே வைத்திருக்கிறோம். கறுப்புப் பெட்டி கெட்டால் அதைத் தெருவோரத்தில் யாராலும் பழுதுபார்க்க முடியாது. பழையதை மாட்டிக்கொண்டு வீடு வந்து சேரலாம். அதற்காக, போன மாதம் தாத்தாவிடம் ஒரு பாடம் கேட்டுக்கொண்டேன். நண்பர்களே, எத்தனையோ விரிவுரைகள் கேட்டிருக்கிறேன். கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்த பாடம் அது ஒன்றுதான்.

அந்த டின்னுக்குள் இப்போது ஒரு தீப்பெட்டி அட்டையும் இருக்கிறது.