போக எட்டு, வரப் பத்து

டெல்லி சாணக்யபுரியில் தலைநகர் விட்டுத் தலைநகருக்கு நடந்தே போய்விடலாம். சாந்திபத் சாலையில் ஜப்பான் தூதரகத்துக்கும் பாகிஸ்தான் தூதரகத்துக்கும் முகவரியில் ஒரே பிளாக், 50-ஜி. தமிழ்நாடு இல்லத்தில் இட்லி சாப்பிட்டுவிட்டு அந்தப் பக்கம் காலாற நடப்பது என் வழக்கம். நின்று வேடிக்கை பார்த்தால்தான் காவலர்கள் முறைப்பார்கள்.

தங்கை மகன் டோக்கியோவில் வேலை பார்க்கிறான். "போறது தெரியாது மாமா, வர்றப்பதான் இடுப்பு ஒடியும்" என்பான். டெல்லிக்கும் டோக்கியோவுக்கும் சுமார் 5,850 கிலோமீட்டர். போக ஏழரை, எட்டு மணி நேரம். குளிர்காலத்தில் திரும்பி வர ஒன்பதரை, பத்துகூட ஆகும். "வரும்போது மெதுவா ஓட்டுறாங்களோ?" என்று தங்கைக்குச் சந்தேகம். பூமி சுற்றுவதால்தான் என்று அடித்துச் சொன்னார் மாப்பிள்ளை. பூமி கிழக்கே சுற்றி, அதில் டோக்கியோ விலகி ஓடுகிறது என்றால் போகும்போதல்லவா அதிக நேரம் ஆகவேண்டும்? அவர் அதற்குப் பதில் சொல்லாமல் பேப்பரை விரித்துக்கொண்டார்.

காரணம் காற்று. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓர் ஆறு போல ஓடுகிறது. வடக்கின் குளிருக்கும் வெப்பமண்டலச் சூட்டுக்கும் உள்ள வித்தியாசம் கூடக் கூட அதன் வேகமும் கூடும். குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டுவதும் உண்டு. ஓஇஷி வசாபுரோ என்ற ஜப்பானிய வானிலை அறிஞர் 1920களில் டடேனோ ஆய்வுக்கூடத்திலிருந்து பலூன்களை ஏற்றி இதை அளந்தார். உலகம் முழுக்கப் படிக்கட்டும் என்று 1926இல் எஸ்பெராண்டோ மொழியில் அறிக்கை வெளியிட்டார். பாவம், ஜப்பானுக்கு வெளியே அதைக் கவனித்தவர்கள் மிகக் குறைவு. 1944இல் டோக்கியோமீது குண்டு போடப் போன அமெரிக்க விமானிகள் அந்தக் காற்றில் மாட்டித் திணறினார்கள். ஜப்பானோ, அதே காற்றில் குண்டு கட்டிய பலூன்களை அமெரிக்காவுக்கு மிதக்கவிட்டது.

ஜப்பான் தூதரகத்தின் பக்கத்து வீட்டுக்காரரான பாகிஸ்தானின் தலைநகர் இஸ்லாமாபாத், டெல்லியிலிருந்து 700 கிலோமீட்டர்கூட இல்லை. சென்னையைவிட எவ்வளவோ கிட்டே. ஆனால் நேர் விமானம் கிடையாது. துபாய் வரை போய்த் திரும்பினால் 4,000 கிலோமீட்டருக்கு மேல்.

இந்தியா-பாகிஸ்தான் தகராறு மூன்றாமவரையும் சுற்றவைக்கும். டெல்லியிலிருந்து தாஷ்கண்ட் ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர், குறுக்கே பாகிஸ்தான். 2025 ஏப்ரல் 24 அன்று அந்நாடு தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியதும் இண்டிகோ தாஷ்கண்ட், அல்மாட்டி சேவைகளை நிறுத்தியது. சுற்றிப் போனால் அதன் விமானங்களுக்கு எட்டாத தூரம். இமயத்தையும் திபெத்தையும் தாண்டிப் போகலாமே என்றால், விமானத்துக்குள் காற்றழுத்தம் போனால் உடனே 10,000 அடிக்கு இறங்க வேண்டும். அங்கே மலையே அதைவிட உயரம். இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் பாகிஸ்தான் அதிபர் அயூப் கானும் 1966 ஜனவரியில் சமாதான ஒப்பந்தம் போட்டது இதே தாஷ்கண்டில்தான்.

தங்கை மகனின் பாதை கிழக்கே என்பதால் அவனுக்கு இந்தத் தொல்லை இல்லை, காற்று ஒன்றுதான். கோடையில் அது தளர்ந்து வடக்கே நகர்ந்துவிடும், அப்போது ஊருக்கு வா என்கிறேன். அவனுக்கு லீவு கிடைப்பதோ டிசம்பர் கடைசியில்.