ஏணியும் வாளியும்

காஞ்சி மாநகரின் மேற்றிசையில், இராசசிம்ம பல்லவன் எடுப்பித்த கயிலாசநாதர் கோயிலுக்கு அணித்தாகப் பிள்ளையார்பாளையம் என்னும் பகுதி உள்ளது. பட்டு நெய்வோர் வழிவழியாக வாழ்ந்துவரும் இடம் அது. என் தந்தையாரும் நெசவாளரே. வீட்டு முன்கூடத்தில் இருந்த குழித்தறியின் ஓசையே எனக்குத் தாலாட்டாக இருந்தது. காஞ்சிப் பட்டுக்குப் பெருமை தருவது கோர்வை வேலை. சேலையின் உடல் ஒரு நிறம்; கரை வேறு நிறம். மூன்று நாடாக்களைக் கொண்டு உடலையும் இருபுறத்துக் கரைகளையும் ஒன்றோடொன்று பூட்டி நெய்ய வேண்டும். ஒருவர் தறியில் அமர்ந்து நெய்ய, மற்றொருவர் அருகிலிருந்து கரை நாடாவைப் போட்டுத் தர வேண்டும். ஆதலின் கோர்வைத் தறி இருவர் உழைப்பை வேண்டி நிற்பது. சிறுவனாக இருந்தபோது அந்த இரண்டாமவன் நானே.

ஆயினும் என் தந்தையார் என்னைத் தறியில் அமரவிடவில்லை. “இந்தக் குழிக்குள் நான் இறங்கியது போதும். நீ மாதச் சம்பளம் வாங்க வேண்டும்” என்பார். சேலை முடிந்தால்தான் கூலி. மழைக்காலத்தில் பாவு நனைந்தால் வேலையில்லை. பாவு வந்து சேரவில்லையெனில் அடுப்பும் எரியாது. அத்துன்பத்தை அறிந்தவர் அவர். அவர் விருப்பப்படியே நான் இலக்கண இலக்கியங்களை முறையாகப் பாடங்கேட்டுத் தமிழாசிரியன் ஆனேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் மாதந்தவறாது ஊதியம் பெற்றேன். அதனால், மாதச் சம்பளம் என்பது கோட்டை மதிலைப் போன்றது. அதனை விட்டு வெளியேறுபவன் அறிவிலி என்னும் எண்ணம் என் நெஞ்சில் ஆழப் பதிந்துவிட்டது.

இந்த எண்ணத்தை அசைத்தவன் என் தமக்கையின் மகன். அவன் ஒரு துணிக்கடையில் பன்னிரண்டு ஆண்டுகள் கணக்கெழுதி வந்தவன். நல்ல பெயர்; குறையாத ஊதியம். 2017 ஆம் ஆண்டு தைத் திங்களில் ஒருநாள் என் தமக்கை கண்ணீரோடு வந்தாள். “தம்பி, இவன் வேலையை விட்டுவிட்டான். இனிக் கடைகடையாகப் போய்க் கண்ணாடி துடைக்கப் போகிறானாம். நீ சொன்னால் கேட்பான்; சொல்லித் திருப்பு” என்றாள்.

அவனை அழைத்து வினவினேன். அவன் அமைதியாக விடை கூறினான்: “மாமா, அப்பா விட்டுச்சென்ற தறி வீட்டில் இருக்கிறது. இத்தனை நாள் அம்மாவும் என் மனைவியும் அதைக் காத்தார்கள். இப்போது அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது. கோர்வை பிடிக்க இரண்டாவது ஆள் இல்லை. நான் காலையில் கடைக்குப் போய் இரவில் திரும்பினால் தறி நின்றுபோகும். நெசவுக் கூலி மட்டும் கொண்டு குடும்பம் நடத்தவும் இயலாது. காந்தி சாலையில் எத்தனை பட்டுக் கடைகள்! எல்லாவற்றுக்கும் முகப்பில் கண்ணாடி. அதை நன்றாகத் துடைக்க ஆள் கிடைக்கவில்லை என்று கடைக்காரர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். காலை ஐந்தரைக்குப் போனால் கடை திறப்பதற்குள் வேலை முடிந்துவிடும். பிறகு பகல் முழுவதும் தறியில் இருப்பேன்.”

அவன் கூறியது கணக்குப் பிசகாத பேச்சு. ஆனால் நான் அக்கணக்கைக் கேட்கவில்லை. “படித்தவன் செய்யும் தொழிலா இது? பெண் குழந்தையைப் பெற்றவன், ஊர் என்ன சொல்லும் என்று எண்ணிப் பார்த்தாயா?” என்று கடிந்துரைத்தேன். அவன் மறுமொழி கூறாது எழுந்து சென்றான். அடுத்த திங்களே ஓர் அலுமினிய ஏணியும், இரண்டு வாளியும், மிதிவண்டியும் கொண்டு தொழிலைத் தொடங்கிவிட்டான்.

மாணவர்களே, இனி நான் கூறப்போவது எனக்குப் பெருமை தரும் செய்தியன்று. ஒருநாள் விடியற்காலையில், என்னுடன் பணியாற்றி ஓய்வு பெற்ற நண்பர் இருவரோடு காந்தி சாலை வழியே நடந்துகொண்டிருந்தேன். சற்றுத் தொலைவில் ஒரு கடையின் முன் ஏணி சாய்த்திருந்தது. அதன்மேல் நின்று, முதுகு எங்கள் பக்கமாக, அவன் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தான். நண்பர்கள் அவனைக் கண்டுகொள்வார்களோ என்னும் நாணம் என்னைப் பற்றியது. “அப்பக்கம் நிழலாக இருக்கும்” என்று ஏதோ சொல்லி, அவர்களைச் சாலையின் மறுபக்கம் அழைத்துச் சென்றேன். கதிரவன் எழாத அவ்வேளையில் நிழல் எங்கிருந்து வரும்? நண்பர்கள் அதைக் கேட்கவில்லை. என் நெஞ்சு கேட்டது.

அன்று மாலை அவன் என் வீட்டுக்கு வந்தான். சேலையொன்று முடிந்ததாகவும், கூலி வந்ததாகவும் கூறிக் கொஞ்சம் பழம் கொண்டுவந்து வைத்தான். புறப்படும்போது, “காலையில் நீங்கள் அந்தப் பக்கம் ஒதுங்கிப் போனதைப் பார்த்தேன், மாமா” என்றான். “நீ திரும்பவே இல்லையே, அப்பா” என்றேன். “திரும்ப வேண்டியதில்லை. நான் துடைத்த கண்ணாடியில் தெரிந்தது” என்றான். அவன் குரலில் சினம் இல்லை. அதுவே என்னை மிகவும் வருத்தியது.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. நாற்பது மாணவர் முன் நின்று ஆண்டுதோறும் நான் நடத்திய பாடங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில் திருக்குறிப்புத் தொண்டர் என்னும் நாயனார் வருகிறார். அவர் பிறந்த ஊர் இக்காஞ்சியே. அவர் செய்த தொழில் ஆடை வெளுத்தல். அடியாருடைய ஆடையின் அழுக்கை நீக்குவதையே அவர் வழிபாடாகக் கொண்டார். குளிர்காலத்தில் இறைவன் ஏழை அடியாராக அழுக்கேறிய கந்தையுடன் வந்து, பொழுது சாய்வதற்குள் அதனை வெளுத்து உலர்த்தித் தரவேண்டும் என்று கேட்டார். மழை பிடித்துக்கொண்டது, நிற்கவில்லை. சொன்ன சொல் தவறியதே என்று கலங்கிய தொண்டர் துணி துவைக்கும் கற்பாறையில் தம் தலையை மோதினார். அப்போது இறைவன் கை எழுந்து அவரைத் தடுத்தது என்பது வரலாறு. அந்நாயனார் வழிபட்டதாகப் போற்றப்படும் முத்தீசுவரர் கோயில் காந்தி சாலையிலேயே உள்ளது. அழுக்கு நீக்கிய ஒருவரைக் கோயிலில் கைகூப்பித் தொழுதுவிட்டு, அதே சாலையில் அழுக்கு நீக்கும் மற்றொருவனைக் கண்டு ஒதுங்கிச் சென்றேனே! நான் கற்ற கல்வி எங்கே போயிற்று?

சங்கப் புலவர்களின் பெயர்களும் நினைவில் எழுந்தன. மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார் தானியம் விற்றவர். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் துணி விற்றவர். தங்கால் பொற்கொல்லன் வெண்ணாகனார் பொன்வேலை செய்தவர். மதுரைக் கணக்காயனார் பிள்ளைகளுக்குக் கற்பித்தவர். வணிகரும் கொல்லரும் ஆசிரியரும் ஒரே தொகைநூலில் பக்கம் பக்கமாக அமர்ந்திருக்கின்றனர். தொழிற்பெயரை அவர்கள் மறைக்கவில்லை. தம் பெயருக்கு முன்னே அணியாகச் சூட்டிக்கொண்டனர். கணக்காயனாகிய நான் மட்டும் பிறர் தொழிலைக் கண்டு நாணுவதற்கு என்ன உரிமை உண்டு?

மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு நானே காந்தி சாலைக்குச் சென்று அவன் ஏணியின் அருகில் நின்றேன். அவன் வியப்படைந்தானாயினும் ஒன்றும் கேட்கவில்லை. வேலையைக் காட்டினான். எளிது என்று நான் எண்ணியிருந்த வேலை எத்துணை நுட்பமுடையது என்பதை அன்றுதான் அறிந்தேன். நம் ஊரின் ஆழ்குழாய்க் கிணற்று நீரில் உப்புகள் கரைந்துள்ளன. அந்நீர் கண்ணாடிமேல் தானாக உலர்ந்தால், நீர் ஆவியாகி உப்பு தங்கிவிடும், வெண்புள்ளிகள் விழும். வெயில் ஏறியபின் துடைத்தால் நீர் விரைவில் உலர்வதால் இக்கேடு மிகும். அதனாலேயே விடியற்காலையில் துடைக்க வேண்டும். முதலில் சோப்பு கலந்த நீரால் தூசியை இளக்கி, பிறகு ரப்பர்ப் பட்டை பொருத்திய வைப்பரை மேலிருந்து கீழாக, கை நடுங்காமல் ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். ஒவ்வோர் இழுப்புக்கும் பின் ரப்பரின் விளிம்பைத் துணியால் துடைக்க வேண்டும். இல்லையேல் கோடு விழும்.

“இந்தக் கருவியை இன்றைய வடிவில் அமைத்தவரும் என்னைப் போல் கண்ணாடி துடைத்தவர்தாம், மாமா” என்றான். அவன் கூறியது உண்மையே. இத்தாலியிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய எட்டோரே ஸ்டெக்கோனே என்பவர் கண்ணாடி துடைத்துப் பிழைத்தவர். கையிலிருந்த பழைய கருவி கனமாகவும் பயனற்றதாகவும் இருக்கக் கண்டு, 1936 ஆம் ஆண்டில் பித்தளைப் பிடியும் ஒற்றை ரப்பர்ப் பட்டையும் கொண்ட இலேசான கருவியை ஆக்கினார். கடைகளின் முகப்பில் இத்துணைப் பெரிய கண்ணாடிகள் வந்ததற்கும் ஒரு காரணம் உண்டு. உருகிய வெள்ளீயத்தின்மேல் கண்ணாடிக் குழம்பை மிதக்கவிட்டு, மேடுபள்ளமற்ற பலகையாக்கும் முறையை இங்கிலாந்தில் பில்கிங்டன் நிறுவனத்தார் 1959 ஆம் ஆண்டில் அறிவித்தனர். அதன்பின் பெருங்கண்ணாடி எளிதில் கிடைப்பதாயிற்று. பொருள் புதிதாக வரும்போது அதனைப் பேணும் தொழிலும் புதிதாகப் பிறக்கிறது. அதனை என் தமக்கை மகன் கண்டுகொண்டான்; நான் காணவில்லை.

ஆயினும், அவன் வழி மலர் பரப்பிய வழியன்று. முதல் திங்களில் அவனுக்குக் கிடைத்தவை மூன்றே கடைகள். கார்த்திகை மழையில் பல நாள் வேலையில்லை. உயர்ந்த கட்டடம் ஒன்றில் மூன்றாம் மாடிக் கண்ணாடியை வெளிப்புறமாகத் துடைக்க அழைத்தபோது, தக்க கயிறும் இடைவாரும் இன்றி ஏறமாட்டேன் என்று மறுத்துவிட்டான். நல்ல கூலி கைவிட்டுப் போயிற்று; உயிர் நின்றது. பின்னர் 2020 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பெருந்தொற்றினால் நாடெங்கும் கடைகள் அடைக்கப்பட்டன. கண்ணாடியும் இல்லை, பாவும் இல்லை. “இதற்காகவா மாதச் சம்பளத்தை விட்டான்?” என்று என் தமக்கை மீண்டும் கண்ணீர் விட்டாள். அன்று எனக்கும் உள்ளம் நடுங்கியது. வேலையை விடுமுன் ஆறு திங்கட் செலவுக்கு அவன் சேர்த்துவைத்திருந்த பணம் அப்போதுதான் பயன்பட்டது. அதுவும் தீர்ந்தபோது என் ஓய்வூதியத்திலிருந்து பத்தாயிரம் ரூபாய் கொடுத்தேன். “கடன் என்றால் வாங்குகிறேன்” என்று கூறித் தன் கணக்கேட்டில் நாளிட்டு எழுதிக்கொண்டான். கடைகள் திறந்ததும், பல நாள் தூசி படிந்த கண்ணாடிகளைத் துடைக்க முதலில் அவனையே அழைத்தனர். மறு ஆண்டு தீபாவளிக்குள் கடைசி ரூபாயையும் கொண்டுவந்து கொடுத்துக் கணக்கேட்டில் கோடிட்டான்.

மாணவர்களே! நிலையான வேலையை விடுவதே வீரம் என்று நான் கூறவில்லை. மாதச் சம்பளம் பெற்று நேர்மையாக உழைப்பதும் உயர்ந்ததே. என் வாழ்வு அவ்வாறே கழிந்தது. சினத்தாலோ, பிறரைப் பார்த்து எழுந்த ஆசையாலோ வேலையை உதறுபவன் பின்னர் வருந்துவான். என் தமக்கை மகன் முதலில் தேவையை ஆராய்ந்தான்; இடர்க்காலத்துக்குச் சேமித்தான்; தொழிலின் நுட்பத்தைக் கற்றான்; உயிருக்கு ஊறு வரும் இடத்தில் மறுத்து நின்றான். இந்நான்கும் உடையவனுக்கே சொந்தத் தொழில் துணையாகும். இவற்றைக் காட்டிலும் அரியது ஒன்று அவனிடம் இருந்தது. தான் கையிலெடுத்த தொழிலுக்காக அவன் ஒருபோதும் நாணவில்லை. அவனுக்காக நாணியவன் நான்.

இன்றும் பகல் வேளையில் அவன் வீட்டைக் கடந்து சென்றால் தறியின் ஓசை கேட்கிறது. சென்ற ஆனித் திங்களில் அவன் மகள், பள்ளியில் தர வேண்டிய படிவம் ஒன்றை என்னிடம் கொண்டுவந்தாள். “தாத்தா, பிழை இருந்தால் திருத்திக் கொடுங்கள்” என்றாள். சிவப்பு மையூற்றிய பேனாவை எடுத்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு படித்தேன். ‘தந்தையின் தொழில்’ என்ற இடத்தில், ‘கண்ணாடி துடைத்தல், பட்டு நெசவு’ என்று முத்து முத்தாக எழுதியிருந்தாள். “திருத்துவதற்கு ஒன்றும் இல்லை, அம்மா” என்று கூறிப் பேனாவை மூடிவைத்தேன்.